மூலைக் கட்டம்

இந்தக் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றால், வீட்டுக்குப் போய்த் தம்பியிடம் எதைக்கொண்டு பேசுவேன் என்று மரியசெல்வி நினைத்துக்கொண்டாள். எதிரே தொலைக்காட்சி நிலைய இயக்குநர் பதிலுக்குக் காத்திருந்தார். நேற்று சட்டமன்ற நேரலையில் ஓர் உறுப்பினர் எழுந்து, கைதான நிருபர் எங்கே என்று கேட்டதும் ஒலியை நிறுத்திவிட்டார்கள். வீடுகளில் அவருடைய வாய் மட்டும் அசைந்தது. ஆனால் திரையின் மூலைக் கட்டத்தில் நின்று, காது கேளாதவர்களுக்குச் சைகையில் சொல்பவள் இவள். இவளுடைய ஹெட்போனில் குரல் நிற்கவில்லை, கைகளும் நிற்கவில்லை. அந்த நிருபரின் பெயருக்குச் சைகை கிடையாது. அவர் எப்போதும் செய்வதுபோல், நழுவும் மூக்குக்கண்ணாடியை விரலால் ஏற்றிவிடும் பாவனையில் அந்தப் பெயரைக் காட்டினாள். இன்று காலை பேருந்து நிறுத்தத்தில், காது கேட்பவர்களெல்லாம் காது கேளாத அவள் தம்பியைச் சூழ்ந்துகொண்டு, சபையில் என்ன பேசினார்கள் என்று விசாரித்தார்கள்.

“சத்தம் நின்னா கையும் நிக்கணும்மா. சும்மா நிக்கறதுக்குச் சம்பளம், யாருக்குக் கிடைக்கும்?” என்று இயக்குநர் சிரித்தார்.

“எனக்குக் கேட்டுக்கிட்டே இருக்கே சார்.”

“அப்ப ஹெட்போனைக் கழட்டி வச்சிடுங்க. இல்லன்னா சொல்லிடுங்க, வெளிய வேற பொண்ணு உக்காந்திருக்கு.”

மரியசெல்வி கண்ணாடி இல்லாத தன் மூக்கின்மேல் விரலை வைத்து, மெதுவாக மேலே தள்ளினாள். நேற்றைய பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருந்த இயக்குநருக்கு, சைகை மொழியில் அந்த ஒரு பெயர் மட்டும் தெரிந்திருந்தது.