பச்சை வயர்

"ஏலே வைகுண்டராஜ், நீ வயரிங் பாத்தியா, இல்ல என் பொண்டாட்டிக்குப் பாடை கட்டுனியாலே?"

மம்சாபுரத்துக்கே கேட்கும்படி கத்தினான் ஆவுடையப்பன். வயர்மேன் வைகுண்டராஜ் இன்னும் வண்டியை விட்டு இறங்கவில்லை.

"என்னாச்சு அண்ணாச்சி?"

"நேத்து ஈரக்கையோட கிரைண்டரைத் தொட்டிருக்கா. தூக்கி எறிஞ்சிருச்சு. மணிக்கட்டு முறிஞ்சு போச்சு. கரண்டு இழுத்துப் பிடிச்சிருந்தா இந்நேரம் நான் சுடுகாட்டுல நிப்பேன்."

உள்ளே காளீஸ்வரி மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்திருந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு ஆத்திரம் மண்டைக்கு ஏறியது.

பக்கத்து வீட்டு ஏசம்மாள் சந்துக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தாள். "கை எப்பிடி இருக்கு காளீஸ்வரி?"

"நீங்க உங்க சோலியப் பாருங்க!" என்று குறுக்கே பாய்ந்தான் ஆவுடையப்பன். "உங்க கழுவுத் தண்ணியை நிறுத்தத் திட்டுக் கட்டினேன். வாய்க்கு ஒண்ணு கட்டாம விட்டது என் தப்பு."

ஏசம்மாள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். அவள் பாத்திரம் கழுவும் தண்ணீர் சந்தில் ஓடி வந்து இவன் சுவரோரம் தேங்குகிறது என்று மூன்று வருசச் சண்டை. போன மாதம்தான் சந்தின் குறுக்கே சிமெண்டால் திட்டுக் கட்டி ஜெயித்திருந்தான் ஆவுடையப்பன்.

வைகுண்டராஜ் மெயினை அணைத்துவிட்டு சுவிட்ச் போர்டைக் கழற்றினான்.

"பச்சை வயரை நறுக்கி உள்ள சுருட்டி வச்சிருப்ப. தெரியும்லே உங்க பொழப்பு."

"இங்க பாருங்க. சாக்கெட்டோட எர்த் பின்னுலயும் பச்சை வயர் இருக்கு, இந்த இரும்புப் பெட்டியிலயும் இருக்கு. இழுத்துப் பாருங்க, கையோட வருதான்னு."

ஆவுடையப்பன் வெறிபிடித்தவன்போல இழுத்தான். வரவில்லை.

"பொறவு எதுக்குலே அடிச்சுது?"

"கிரைண்டர்ல எங்கயோ கரண்டு லீக் ஆகுது. அது இந்த வயர் வழியா மண்ணுக்குப் போயிருக்கணும்." மெயினைப் போட்டு, டெஸ்ட் பல்பின் ஒரு முனையைக் கரண்டிலும் மறுமுனையைப் பச்சை வயரிலும் வைத்தான். பல்பு மினுக்கக்கூட இல்லை. "போகலை."

"பாத்தியா! உன் வேலை லட்சணம் பல்லை இளிக்குதுலே!"

வைகுண்டராஜ் கடப்பாரையை எடுத்துக்கொண்டு சந்துக்குப் போனான். சுவரோரம் இருந்த எர்த் குழியின் மூடியைத் தள்ளிவிட்டுக் குத்தினான். 'ணங்'கென்றது. புழுதி பறந்தது.

"கரியும் உப்பும் போட்டு இந்தக் குழியை மூடுறப்ப என்ன அண்ணாச்சி சொன்னேன்? தினம் ஒரு குடம் தண்ணி ஊத்துங்க, மண்ணு ஈரமா இருந்தாத்தான் எர்த் வேலை செய்யும்னு சொன்னேன்ல?"

"குடிக்கவே தண்ணியக் காணோம், குழிக்கு ஊத்தச் சொல்லுதான்! ஒரு நாளும் ஊத்துனதில்ல. இம்புட்டு வருசம் யாரையும் அடிக்கலையே, அதுக்கு என்ன சொல்லுத?"

வைகுண்டராஜ் தலையைச் சொறிந்தான். "அதான் எனக்கும் விளங்கல. சித்திரையில ஃபேன் மாட்ட வந்தப்பகூட டெஸ்ட் பண்ணேன். பல்பு பளிச்சுன்னு எரிஞ்சுது. வேகாத வெயில்லயும் இந்த இடம் சொதசொதன்னு கிடந்துச்சு. நீங்க ஊத்தலன்னா யாரு ஊத்துனா?"

ஆவுடையப்பனின் பார்வை திட்டைத் தாண்டிப் போனது. அந்தப் பக்கம் ஏசம்மாள் அழுக்குத் தண்ணீர்ச் சட்டியை இடுப்பில் தாங்கி, தெருச் சாக்கடையை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.

சந்துக்கு வந்த காளீஸ்வரி, குழியையும் பார்த்தாள், அதற்கு இரண்டடி தள்ளி நின்ற புதுச் சிமெண்டுத் திட்டையும் பார்த்தாள். கீழே கிடந்த கடப்பாரையைக் காலாலேயே புருசன் பக்கம் தள்ளிவிட்டாள்.

"உடைங்க. ஏசம்மாக்கா இன்னும் பானை கழுவலை."