பின்னாலேயே ஓட்டும் அம்மா

"நேரா ஓட்டவே வராது, பின்னாடி மட்டும் ஓட்டணும்னு அடம் பிடிச்சா எப்படிக்கா?"

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். அம்மா அசையவில்லை.

"ஓட்டப் போறது நான்தானே? ரிவர்ஸ் சொல்லிக் கொடுங்க. மத்ததெல்லாம் அப்புறம்."

பக்கத்தில் நின்ற மகளுக்கு மானமே போயிற்று. பள்ளிக்கூடத்தை முடித்த கையோடு, இதே மாஸ்டரிடம் கற்று லைசென்ஸ் வாங்கியவள் அவள். நாற்பத்தைந்து வயசில் அம்மாவுக்கு என்ன, மகளோடு போட்டியா?

வீட்டு வாசலில் அப்பாவின் கார் நின்றது. கழுத்து ஆபரேஷனுக்குப் பிறகு அவரால் தலையைத் திருப்ப முடியாது. ஓட்டுவதையே விட்டுவிட்டார். அந்தக் காரைச் சொல்லித்தான் மகள் பார்சல் கம்பெனியில் வேலை வாங்கியிருந்தாள். திங்கட்கிழமை எட்டு மணிக்குக் காரோடு போய் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் வேலை வேறு ஆளுக்கு.

ஒரே ஒரு வில்லங்கம். வீடு சந்தின் அடியில். சந்து செங்குத்தான ஏற்றம், நடுவில் ஒரு வளைவு. காரைத் திருப்ப இடமே கிடையாது. இறங்கின வண்டி பின்பக்கமாகத்தான் மேலே ஏற வேண்டும். மகள் ஒரே தடவை முயன்றாள். எதிர்வீட்டுச் சுவரில் உரசியதும் சாவியை ஆணியில் மாட்டிவிட்டாள்.

"சந்து பழகினியா?" என்றார் அப்பா.

"பழகிக்கலாம்ப்பா. முதல்ல ரூட்டை மனப்பாடம் பண்ணிக்கறேன்."

ரூட் மனப்பாடம் ஆயிற்று. சீட் கவரை மாற்றினாள். போன் வைக்க ஸ்டாண்டு ஒட்டினாள். யூனிபார்மை இரண்டு தடவை இஸ்திரி போட்டாள். சந்து மட்டும் அப்படியே இருந்தது.

அம்மாவோ தினமும் மாஸ்டரின் காரைச் சந்துக்குள் இறக்கச் சொல்லி, முக்கி முக்கிப் பின்பக்கமாக ஏற்றினாள். ஜன்னலுக்கு ஜன்னல் சிரிப்பு.

"என்னக்கா, எங்கே போனாலும் முதுகைக் காட்டிக்கிட்டேதான் போவீங்களா?"

மகளுக்குப் பொறுக்கவில்லை. "என் மானத்தை வாங்காதேம்மா. ஈஸியானதை முதல்ல கத்துக்கோ!"

"ஈஸியானது எங்கேடி ஓடிடப் போகுது?"

திங்கட்கிழமை காலை ஏழு மணி. ஆணியில் சாவியைக் காணோம். வெளியே இஞ்சின் சத்தம். மகள் ஒற்றை ஷூவோடு ஓடினாள்.

எல் போர்டு ஒட்டிய அப்பாவின் கார் பின்பக்கமாக ஏறிக்கொண்டிருந்தது. ஓட்டுவது அம்மா. பக்கத்தில், கழுத்துப் பட்டையோடு அப்பா. வளைவில் கார் ஒரு நொடி நின்றது. மகளுக்கு உயிர் போய் வந்தது. வளைந்தது, ஏறியது. ஒரு கீறல் இல்லை. சிரித்த ஜன்னல்களில் ஒன்று கைதட்டியது.

சந்தின் முனையில் அம்மா வியர்த்து வழிய இறங்கி, மூச்சிரைக்க வந்த மகளிடம் சாவியை நீட்டினாள்.

"மத்த ரோடெல்லாம் உனக்குத் தெரியும். நீ பயந்தது இதுக்குத்தானே? தினமும் காலைல நான் மேலே ஏத்திக் கொடுத்துடறேன். நீ ஜம்முனு வேலைக்குப் போ."

மகள் சாவியை வாங்கிக்கொண்டாள். மணியைப் பார்த்தாள். ஏழு பத்து. ஏறி உட்கார்ந்தவள், ரோட்டைப் பார்க்காமல் சந்துப் பக்கமே பார்த்து இஞ்சினைக் கிளப்பினாள்.

"என்னடி, மறுபடியும் கீழேயா?"

"ஆமா, கீழேதான். பின் சீட்டுல ஏறுங்க அம்மா மாஸ்டர், எனக்கும் ரிவர்ஸ் சொல்லிக் கொடுங்க!"