தாழ்ந்த இருக்கை

ஷோரூமில் நின்ற காருக்குள் இறங்கியாகிவிட்டது. இனி எழ வேண்டும்.

முதல் முயற்சிக்கு முழங்கால் மறுத்துவிட்டது.

சிவப்பு வண்டி. நான்கு சிலிண்டர், டர்போ. பக்கத்தில் நிற்கும் சாம்பல் நிற வண்டிக்கு ஆறு சிலிண்டர், விலையும் அதற்கேற்றபடி. எது கொடுத்த காசுக்குத் தகும் என்று அவர் மாதக்கணக்கில் தனக்குள்ளேயே வாதாடியிருந்தார். இது சட்டென்று சீறும். அது நின்று நிதானமாக இழுக்கும். நூல் மில் நடத்திய காலமெல்லாம் சரக்கு வேனும் குடும்பக் காரும்தான். மில்லை மகனிடம் விட்ட பிறகு, தனக்கென்று ஒன்று.

இருக்கை இப்படித் தரையோடு தரையாக இருக்கும் என்று எந்த வீடியோவிலும் யாரும் சொல்லவில்லை.

"அந்த வண்டிலயும் உக்காந்து பாத்துருங்க சார்," என்றான் விற்பனையாளன் நவநீதன். கதவைப் பிடித்தபடி நின்றான்.

"இருப்பா. இதோட இன்ஜின் டார்க் எவ்வளவுன்னு சொன்னே?"

சொன்னான். அவருக்கு மனப்பாடமான எண்தான்.

அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே இடக்கையால் ஸ்டியரிங்கைப் பற்றினார். வலக்காலை வெளியே ஊன்றினார். உந்தினார்.

இடுப்பு கொஞ்சம் எழும்பியது. தொப்பென்று விழுந்தது.

மைலேஜ் கேட்டார். சர்வீஸ் செலவு கேட்டார். விற்றால் என்ன விலை போகும் என்று கேட்டார். ஒவ்வொரு கேள்வியின் மறைவிலும் ஒரு முயற்சி.

அத்தனை ஏசியிலும் பின்கழுத்தில் வியர்வை.

நவநீதன் கையை நீட்டினான்.

"வேண்டாம்!"

நினைத்ததைவிடப் பலமாக வந்துவிட்டது.

காலின் மேல் கோபம். வண்டியின் மேல் கோபம். எல்லாவற்றையும்விட, அந்தப் பையனின் பொறுமையின் மேல்.

சாம்பல் வண்டியருகே நின்றிருந்த மனைவி கோமளம் திரும்பிப் பார்த்தாள்.

வந்தாள்.

"குடிக்கறக்குக் கொஞ்சம் தண்ணி கொண்டாறியா கண்ணு?"

அவன் போனான்.

கைப்பையைக் கீழே வைத்தாள். வழுக்கும் தரை. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை அகட்டி நின்றுகொண்டாள். இரண்டு கைகளையும் நீட்டினாள்.

அவர் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார்.

பிறகு பிடித்துக்கொண்டார்.

பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். பாதியில் சரிந்தார். மறுபடி இழுத்தாள். அவளுடைய வளையல் அவர் மணிக்கட்டில் அழுந்தியது.

நின்றுவிட்டார்.

அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

நவநீதன் தண்ணீர் பாட்டிலுடன் வந்தான். "அடுத்ததப் பாத்துரலாங்களா சார்?" ஆறு சிலிண்டர் வண்டியின் கதவை அகலத் திறந்தான்.

இருக்கை அதே உயரம்தான்.

அவர் கதவுக்கு வெளியே நின்று வெகுநேரம் உள்ளே பார்த்தார். கறுப்புத் தோல் உறை, சிவப்பு நூல் தையல். ஸ்டியரிங்கைத் தொட்டும் பார்த்தார்.

"இல்லப்பா. பிக்கப் பத்தாது."

"ஓட்டிக்கூடப் பாக்கலீங்களே சார். இது ஆறு சிலிண்டருங்க..."

அவர் கோமளத்தைப் பார்த்தார்.

"ஆமா கண்ணு," என்றாள் கோமளம். எந்தக் காரிலும் இன்ஜினை ஒருமுறைகூடப் பார்த்திராதவள். "எனக்கும் அப்படித்தான் தோணுது. பத்தாது."