கடல் தேய்த்த சில்லு

மூன்றாவது சில்லும் அவன் கண்ணிலேயே பட்டபோது, பையன் எமகாதகன் என்று அத்தை முடிவு கட்டிவிட்டாள்.

அந்தக் கடற்கரைக்குப் பேரே கண்ணாடிச் சில்லால்தான். எப்போதோ மூடிப்போன பாட்டில் தொழிற்சாலை கொட்டிய உடைசலைக் கடல் வருஷக்கணக்கில் உருட்டித் தேய்த்து, கூழாங்கல் மாதிரி வழவழப்பாக்கிக் கரையில் போடும். அதைப் பொறுக்கிக் கம்மலும் பதக்கமும் செய்து விற்பதுதான் பையனுக்குப் பிழைப்பு. அத்தை வளர்த்த அண்ணன் மகள், கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறாள்.

ஆனால் ஊரில் வேறு பேச்சு. கடல் சில்லு தீர்ந்தேபோய்விட்டதாம். சாதாரணக் கண்ணாடியை மிஷினில் போட்டு உருட்டி, கடலில் எடுத்ததென்று தலையில் கட்டுகிறார்களாம். இவனும் அந்தக் கூட்டமா என்று பார்க்கத்தான், தையல் கடையைச் சாத்திவிட்டு அத்தை கூடவே வந்திருந்தாள். ஏமாற்றுக்காரனுக்குப் பெண்ணைக் கொடுப்பதாக இல்லை.

"வெறுங்கையோட திரும்பினா இவர் மூஞ்சியப் பார்க்க முடியாது அத்தை. பரீட்சையில கோட்டை விட்ட பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பார்" என்று சிரித்த அண்ணன் மகள், குளிருக்குக் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். பின்னால் அவன். அவன் கையை விட்டு அத்தையின் கண் அகலவில்லை.

அவன் மறுபடி குனிந்தான். அத்தை முந்திக்கொண்டு அங்கே கிடந்த சில்லை எடுத்தாள். அலை இப்போதுதான் வந்துபோன மணல், சொதசொதவென்று கிடந்தது. சில்லின் மேலே ஒரு பொட்டு ஈரம் இல்லை.

"தம்பி, கையை விரி."

விரித்தான். ஒன்றுமில்லை.

"சட்டைக் கையை உதறு."

உதறினான். மணல்தான் உதிர்ந்தது.

"வித்தையெல்லாம் நல்லாத்தான் பழகி வெச்சிருக்கே. இது கடல்ல வந்ததா, மிஷின்ல வந்ததா?"

"மிஷின்ல வந்ததுதான்."

இத்தனை சுளுவாக ஒப்புக்கொள்வான் என்று அத்தை நினைக்கவில்லை. "இதைத்தான் கடல் சில்லுன்னு ஊரெல்லாம் விக்கிறியா?"

"இதை விக்கமாட்டேன் அத்தை. இந்த மாதிரி கிடைக்கிறதையெல்லாம் வீட்டுல தனியா ஒரு ஜாடியில போட்டு வெச்சிருக்கேன்."

"அப்புறம் எதுக்குய்யா இந்த நாடகம்?"

அவன் முன்னால் போகிறவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"மெல்லப் பேசுங்க. போட்டுட்டுப் போறது அவதான், எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியாது."