எங்க பாட்டு
சமையலறையில் மருமகள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். ஜன்னலோரத்து செல்போனில் அவள் ஊர் ராக் பாட்டு அதிர்கிறது. வேற்று நாட்டுப் பெண். இந்த வீட்டுக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. தமிழில் ‘அத்தே’, ‘போதும்’ இரண்டும்தான் தெரியும். மாமியார் உள்ளே நுழைந்ததும் பதறிப்போய்ப் பாட்டை நிறுத்துகிறாள். “ஏம்மா நிறுத்திட்டே? போடு, போடு” என்று மாமியார் கையை ஆட்டுகிறாள். கிட்டார் மறுபடி அலறுகிறது. வெயில் விழும் சமையல் மேடையில் மாமியாரின் விரல்கள் தாளம் போடுகின்றன. பாட்டு முடிந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, கல்லூரி நாட்களில் தனக்குப் பிடித்த சினிமாப் பாட்டு ஒன்றை எடுத்துவிடுகிறாள். வெங்காயக் கண்ணீரோடு சிரிக்கும் மருமகள், இரண்டு கரண்டிகளால் குக்கர் மூடியில் டிரம்ஸ் வாசிக்கிறாள். கடைக்குப் போய்த் திரும்பிய மகன் வாசலில் திகைத்து நிற்கிறான். “அங்கேயே நில்லுடா, எங்க பாட்டு முடியட்டும்” என்கிறாள் அம்மா.