எனக்குந்தான்

"அய்யோ... அம்மா... தோளு போச்சே..."

நடுச்செவுருக்கு அந்தப் பக்கத்திலிருந்து முனகல் கேட்டது. குச்சிக்கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்த கலைமணி கத்தியை நிறுத்தினாள்.

"ஆரம்பிச்சாச்சுங்க, உங்க அண்ணி."

டீயை ஆற்றிக்கொண்டிருந்த தனசேகர் சிரித்தான். "பொன்னாத்தா அண்ணிக்கு வலிக்குது, முனகறாங்க. உனக்கென்ன?"

"எனக்கென்னவா? இடது தோளு வலிக்குதுங்கக்கான்னு நேத்து நாந்தான் சொன்னேன். இன்னைக்கு விடிஞ்சா அவங்களுக்கு இடது தோளு! போன மாசம் எனக்கு முட்டி, அவங்களுக்கும் முட்டி. அதுக்கு முன்னே முதுகு. நான் தும்முனா அவங்களுக்குச் சளி புடிக்குது. நோவுலகூடவா போட்டி?"

"அண்ணனும் நானும் காட்டைப் பிரிச்சோம், ஊட்டைப் பிரிச்சோம். நோவை மட்டும் இன்னும் பிரிக்கலையாட்ட இருக்குது."

கலைமணிக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு சங்ககிரிக்கு லோடு ஏற்றக் கிளம்பிவிட்டான்.

போன வருசம் அவள் இடுப்பில், பாவாடை நாடா இறுக்குகிற இடத்தில், ஆறாத புண் ஒன்று வந்தது. தோல் புற்று என்றார்கள். அறுத்தெடுத்து, தொடைத் தோலை ஒட்டி, நாடாவே கட்டக்கூடாது என்று நைட்டியோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். இனிப் பயமில்லை என்றார் டாக்டர்.

பயம் டாக்டர் பேச்சைக் கேட்கவில்லை.

உடம்பில் எங்கே சுருக்கென்றாலும் கை தானாக இடுப்புத் தழும்புக்குப் போகும். திரும்ப வந்துருச்சோ? இந்தத் தடவை எலும்புக்குள்ள இறங்கிருச்சோ? ஆஸ்பத்திரிக்குப் போகவும் பயம். போனால் 'ஆமாம்' என்று சொல்லிவிடுவார்களே.

ஓரகத்தியிடம் சொன்னால் தலையைத் தடவி ஆறுதலாக நாலு வார்த்தை சொல்ல வேண்டாமா? பொன்னாத்தாளிடம் இருப்பது ஒரே பதில்தான்.

"உனக்கு மட்டுமா? எனக்குந்தான்!"

அப்புறம் தன் பாட்டைப் பாட ஆரம்பித்துவிடுவாள். ரெண்டு நாள் விடாமல் முனகுவாள். மூன்றாம் நாள், "தனியாப் போகப் பயமா இருக்குது, தொணைக்கு வா" என்று கலைமணியை இழுத்துக்கொண்டு சேலத்துக்கு பஸ் ஏறுவாள். "வந்ததே வந்தோம், நீயும் காட்டிரு" என்று முதலில் இவளைத்தான் உள்ளே தள்ளுவாள். டாக்டர் அழுத்திப் பார்த்து, தேவையென்றால் ஸ்கேன் எடுத்து, வெறும் தசைப்பிடிப்பு என்பார். கலைமணிக்கு மூச்சு வரும்.

பொன்னாத்தாளுக்கு என்ன சொன்னார் என்று அவள் கேட்டதே இல்லை.

"அய்யோ... அம்மா..."

மறுபடியும்! இந்தத் தடவை இன்னும் இழுவையாக.

கலைமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தைலப் பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இன்றைக்கு மூஞ்சிக்கு நேராகக் கேட்டுவிடுவது. உசுருக்குப் பயந்துக்கிட்டு இருக்கறவகிட்டயாக்கா உங்க வெளையாட்டு?

கொல்லை வழியாகச் சுற்றி வந்தவள், முருங்கை மரத்தருகே அப்படியே நின்றுவிட்டாள்.

பொன்னாத்தாள் தவிட்டு மூட்டையோடு வாசலிலிருந்து ஆட்டுப்பட்டிக்குப் போய்க்கொண்டிருந்தாள். முழு மூட்டை. இடது தோளில். நடையில் ஒரு தள்ளாட்டம் இல்லை. காலில் சுற்றிய மேச்சேரி ஆட்டுக்குட்டியை "ச்சூ, அந்தாண்ட போ" என்று முழங்காலால் ஒதுக்கினாள்.

நடுச்செவுருக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றாள். மூட்டையை இறக்கவில்லை. வாயைச் செவுரோடு வைத்து,

"அய்யோ... அம்மா... தோளு போச்சே..." என்றாள்.

பிறகு காதைச் செவுரில் வைத்து, அந்தப் பக்கம் ஏதாவது சத்தம் வருகிறதா என்று கேட்டாள்.

கலைமணிக்குத் தொண்டைவரை வந்த கோபம் அங்கேயே நின்றது.

ஆபரேசனுக்கு முந்தின நாள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் இதே பொன்னாத்தாளின் கையைப் பிடித்துக்கொண்டு கதறியது நினைவுக்கு வந்தது. "ஊருல இத்தனை பேரு இருக்கறாங்க. எனக்கு மட்டும் ஏனுங்கக்கா?"

அன்றைக்கு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பதில் தெரியாமல் குனிந்துகொண்டாள் என்றுதான் கலைமணி நினைத்திருந்தாள்.

இந்த ஒரு வருசமும் செவுருக்கு அந்தப் பக்கம் நின்று, அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

பெரிய கோயில் கோபுரத்தடியில் நிற்கிற மாதிரி அண்ணாந்து அந்த மூட்டையையும் அவளையும் பார்த்தாள் கலைமணி. பிறகு, செருப்புச் சத்தம் கேட்காமல், வந்த வழியே திரும்பினாள்.

அடுப்படியில் உட்கார்ந்து குரல் கொடுத்தாள்.

"அக்கா!"

"என்ன சாமி..." குரல் ஈனசுரத்தில் வந்தது.

"எனக்கு இன்னும் தோளு வலி விடமாட்டீங்குதுங்க. உங்களுக்கு எப்படி?"

"எனக்குந்தான் கண்ணு! கையத் தூக்கவே முடியல."

தொப்பென்று அந்தப் பக்கம் மூட்டை விழுந்தது.

கலைமணி உதட்டைக் கடித்துக்கொண்டாள். "நாளைக்கு டாக்டர்கிட்டக் காட்டிட்டு வந்தரலாமுங்க. உங்களுக்குத் தனியாப் போகப் பயமா இருக்குமில்ல?"

"ஆமாஞ் சாமி. நீ வந்தாத்தான் எனக்குத் தெகிரியம்."

கலைமணி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாதியில் விட்ட கிழங்கை எடுத்துத் தோலை உரிக்க ஆரம்பித்தாள்.