மூன்றாவது ஏற்றம்

"பதினோரு நிமிஷம்! அத்துவானத்துல ஒரு மனுஷன் பதினோரு நிமிஷம் நின்னு என்னத்தப் பண்ணுவான்?" என்றாள் தங்கை.

அண்ணன் பூட்டைத் திறந்தான். கடையின் ஷட்டரைத் தூக்கினான். தரையைப் பெருக்கினான். காற்றடிக்கும் மெஷினைப் போட்டான். வாடகை சைக்கிள்கள் ஆறையும் வாசலில் நிறுத்தி, ஒவ்வொரு டயரையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். தினமும் காலை ஏழு மணிக்கு இதே வேலை, இதே வரிசை. அதற்குப் பிறகுதான் பேச்சு.

"ஒண்ணுக்குப் போயிருப்பான்."

"பதினோரு நிமிஷமா?"

"ஏழு குளத்துத் தண்ணியையும் குடிச்சிருப்பான்."

அவள் சிரிக்கவில்லை. பத்து மணிக்கு வழிப்படம் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை முப்பது பேரைச் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போகிறாள். முதல் தடவையாக, அவள் பொறுப்பில். சரளைப் பாதைகளில் ஓட்டுகிறவர்கள் தாங்கள் போன வழியை, எங்கே எத்தனை நிமிஷம் நின்றார்கள் என்பதோடு, ஏற்றிவைக்கும் இணையதளத்தில் இந்த ஒரு கோடு அகப்பட்டது. ஏழு குளங்கள், மூன்று அருவிகள், ஒரு லாரிகூடக் குறுக்கே வராத நாற்பது கிலோமீட்டர். பார்த்ததுமே மனசு அதில் போய் ஒட்டிக்கொண்டது. ஏற்றியவர் பெயர் இல்லை. இரண்டு வருஷப் பழசு. மூன்று நாள் முன்பு அந்தக் கோட்டுக்குக் கீழேயே, கடைப் பெயரையும் போட்டு, ஒரு கேள்வி எழுதினாள். பதில் இல்லை.

வாசலில் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். முப்பது வயது இருக்கும். செயின் செங்கல் நிறத்தில் இருந்தது.

"வாங்க சார். கிணத்துல இருந்து எடுத்தீங்களா?" என்றான் அண்ணன்.

"ஓட்டி ரொம்ப நாளாச்சு."

"தெரியுது. உக்காருங்க, அரை மணி நேரம் ஆகும்."

அவர் தங்கையின் மேஜைக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். கம்ப்யூட்டரில் இருந்த கோட்டைப் பார்த்தார்.

அண்ணன் செயினைக் கழற்றிக்கொண்டே விட்ட இடத்தில் தொடங்கினான். "தொப்பைக்காரனா இருப்பான், பாப்பா. மேடு ஏறினதும் நாக்கு தள்ளியிருக்கும்."

"அதான் இல்ல! களைச்சவன் ஏத்தத்துக்கு நடுவுலல்ல நிப்பான்? இவன் ஒரு எடத்துலயும் இறங்கல. உன்னை விட ரெண்டு மடங்கு வேகம்."

"என்னை ஏன் இழுக்கிற?"

"மேல போய்ச் சேந்த அப்புறம்தான் நிக்கிறான். முதல் மேட்டுல ஏழு நிமிஷம். ரெண்டாவதுல பதினொண்ணு. இறக்கத்துல எங்கயும் நிக்கல."

"போட்டோ எடுத்திருப்பான். அருவி இருக்குல்ல?"

"அருவிகிட்ட நின்னா நான் ஏன் மண்டையை உடைச்சுக்கிறேன்? அதைத் தாண்டி, மேட்டு உச்சியில, ஒண்ணுமே இல்லாத எடத்துல நிக்கிறான். நேத்து நானே போய் நின்னு பாத்தேன்ணா. ஒரு வேலி, ஒரு பாறை. திரும்பினா நாம ஏறி வந்த பாதை தெரியுது. அவ்வளவுதான்."

"மூணாவது மேட்டுல?" என்று கேட்டார் வந்தவர்.

அவள் திரும்பினாள். "அதான் சார் பயமா இருக்கு. மூணாவதுல ஏறின ஆளு இறங்கவே இல்ல. கோடு உச்சியிலயே முடிஞ்சுபோச்சு. அதுக்கு மேல பாதை இருக்கா, மண்ணு சரிஞ்சு கிடக்கா, ஒண்ணும் புரியல. நேத்து அடிவாரத்தோட திரும்பிட்டேன். வர்றவங்கள்ல பாதிப் பேர் புதுசு. என்னை நம்பி வர்றாங்க. எப்படிக் கூட்டிட்டுப் போறது?"

"பேசாம பழைய வழியிலயே போ," என்றான் அண்ணன். "ஒத்தக் குளம். ஒத்தப் பாலம். தொல்லையே கிடையாது."

"போன வருஷம் பழைய வழிக்கு எத்தனை பேர் வந்தாங்க? நாலு. அதுல ரெண்டு பேர் நாம."

அண்ணன் ஸ்பானரை எடுத்தான். அவள் கொஞ்ச நேரம் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெருமூச்சு விட்டு மவுஸை நகர்த்தினாள்.

"வேற வழியில்ல. படத்துல இருந்து எடுத்துடுறேன்."

"எடுக்காதீங்க," என்றார் அவர். "பாதை நல்லா இருக்கு. உச்சியைத் தாண்டினதும் இடது பக்கம் அகலமான இறக்கம். நேரா மெயின் ரோட்டுக்கு வந்துடும். ஆம்புலன்ஸே மேல வரைக்கும் வந்துச்சு."

அண்ணனின் கையில் ஸ்பானர் அப்படியே நின்றது.

"ஆம்புலன்ஸா? நீங்கதான் இந்தக் கோட்டைப் போட்டவரா சார்?" என்றாள் தங்கை.

"இல்ல. என் மனைவி ஓட்டினது. அவ போன் தானாவே ஏத்திடுச்சு. இதயம் நின்னுபோச்சுன்னு டாக்டர் சொன்னார். பாதையில ஒரு குத்தமும் இல்ல." அவர் துருப்பிடித்த செயினைப் பார்த்தபடி பேசினார். "உங்க கேள்வியைப் பாத்தேன். ரெண்டு நாளா எழுதிப் பாத்தேன், வரல. அதான் நேர்ல வந்தேன்."

அண்ணன் எழுந்து காற்று மெஷினை நிறுத்தினான். அவளுக்குக் கேட்கவும் தயக்கம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"அப்போ, ஒவ்வொரு மேட்டுலயும் அவங்க எதுக்கு சார்..."

"பின்னாடி நான் வந்துக்கிட்டிருந்தேன்," என்றார் அவர். "எனக்கு ஏத்தம் வராது. மூணாவது மேட்டு உச்சிக்குப் போய்ச் சேர இருபது நிமிஷம் ஆயிடுச்சு. ஏறுறதுக்கு முன்னாடி அடிவாரத்துல என்னைத் திரும்பிப் பாத்து, 'நத்தை, அவசரமில்ல, தள்ளிக்கிட்டே வா... நான் மேல நிக்கிறேன்'னு சொன்னா."